பெயர் முன்னே, உடம்பு பின்னே

கண்டியிலிருந்து பேராதனை தாண்டி, பிலிமத்தலாவையில் தவுலகலப் பக்கம் திரும்பினால் உடுநுவரையில் எம்பெக்க தேவாலயம் இருக்கிறது. கதிர்காமக் கந்தனுக்குக் கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகு 14ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. மேளம் கொட்டும் மண்டபத்தின் மரத்தூண்களில் அன்னம், இருதலைப் பறவை, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், ஆடும் பெண் என்று எத்தனையோ செதுக்கல்கள். அவற்றுள் ஒன்றில் இரண்டு மல்லர்கள் பின்னிப் பிணைந்து நிற்கிறார்கள். யார் கை, யார் கால் என்று பிரித்தறியச் சற்று நேரம் பிடிக்கும். இருவருக்கும் ஒரே உடற்கட்டு, ஒரே பிடிமுறை. பெயர் மட்டும் இருவருக்குமே இல்லை.

இன்று உலகம் காசு கொடுத்துப் பார்க்கிற சில மோதல்கள் இந்தத் தூணுக்கு நேர்மாறானவை. ஒரு விளையாட்டில் புகழின் உச்சிக்குப் போனவர், வயது ஏறி, முழங்கால் தேய்ந்து, அந்த விளையாட்டை விட்டு விலகுகிறார். பிறகு தனக்குப் பழக்கமில்லாத வேறொரு சண்டைக்குள் இறங்குகிறார். குத்துச்சண்டைக்காரர் மல்யுத்தக்காரரோடு மோதுகிறார், சுமோ வீரர் உதைக்கிறவரோடு மோதுகிறார், பேஸ்போல் ஆட்டக்காரர் எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புச் சண்டையில் நிற்கிறார். சனம் பார்க்க வருவது அவருடைய பெயரை. அடி வாங்குவது உடம்பு.

கண்டிக்காரர்களுக்கு அறிமுகமான ஒருவரும் இப்படிப் போயிருக்கிறார். 2003 டிசம்பரில் அஸ்கிரிய மைதானத்தில் முரளிதரனை எதிர்த்து ஆடிய இங்கிலாந்து அணியில் இருந்த அண்ட்ரூ ஃப்ளின்டாஃப், முழங்கால் ஒத்துழைக்காமல் 2010இல் கிரிக்கெட்டை விட்டார். 2012 நவம்பர் 30ஆம் திகதி மான்செஸ்டரில், 35ஐ நெருங்கும் வயதில், தொழில்முறைக் குத்துச்சண்டை மேடையில் ஏறினார். இரண்டாம் சுற்றில் விழுத்தப்பட்டார், எழுந்தார், ஒரே ஒரு புள்ளியால் வென்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி தந்த முரளிக்கு அப்படியொரு மேடை தேவைப்படவேயில்லை. 800 விக்கெட்டும் குண்டசாலையில் குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலையும் அவருக்கு இருந்தன. கிரிக்கெட் தன் பெரிய பிள்ளைகளைக் கைவிடுவது குறைவு. மற்ற விளையாட்டுகள் அப்படியல்ல. இந்தக் கதை பிறந்ததே அந்த வேறுபாட்டில்தான் என்று நினைக்கிறேன்.

பெரிய பெயர் மல்யுத்தக் களத்தில் இறங்குவது தமிழுக்குப் புதிதல்ல. உறையூரில் ஆண்ட தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, தந்தையோடு பிணங்கிப் போய், முக்காவனாட்டு ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்ற செய்தி புறநானூற்றில் இருக்கிறது. இந்தக் காட்சியைத் தித்தன் பார்க்கவேண்டுமே என்று சாத்தந்தையார் ஏங்குகிறார். நக்கண்ணையார் என்ற பெண்பாற் புலவர் அவன்மேல் கொண்ட காதலைப் பாடியிருக்கிறார். ஆமூர் மல்லனுக்கோ அங்கே ஊர்ப் பெயர் மட்டுந்தான் உண்டு. ஆனாலும் கிள்ளி இளைஞன், அவன் உடம்பு அவனுக்குக் கடன் வைத்திருக்கவில்லை.

கண்டி இராச்சியத்திலும் வீரர் மோதும் வழக்கம் இருந்தது. அங்கம்பொர என்னும் போர்க்கலையின் சூதலிய, மறுவல்லிய என்ற இரு பரம்பரைகள் அரசன் முன்னால் உயிர் போகும்வரை மோதின என்பது மரபுக்கதை. 1815இல் நாயக்கர் வழிவந்த கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டு வேலூருக்குப் போனான். 1818இல் ஊவா வெல்லச கிளர்ச்சி நசுக்கப்பட்டு, போகம்பரையில் கிளர்ச்சித் தலைவன் கெப்பெட்டிப்பொலவின் தலை வெட்டப்பட்டது. அங்கம் பயில்வதும் அந்தக் காலத்தில் தடைப்பட்டது. மீறிப் பயின்றவர்களை முழங்காலில் சுட்டார்கள் என்று வாய்வழிக் கதை இன்றும் சொல்கிறது. பிறகு இந்த ஊருக்கு வந்த உடல் வீரம் பாடசாலை வழியாக வந்தது: திரித்துவக் கல்லூரியின் குத்துச்சண்டை, றக்பி, நித்தவெலயில் கண்டி விளையாட்டுக் கழகம். அங்கே மானம், கேடயம், பழைய மாணவர் ஆரவாரம் எல்லாம் கிடைத்தன. காசு கிடைக்கவில்லை. காசுக்காக ஆடாதவனே கண்ணியமானவன் என்று வெள்ளைக்காரர் வகுத்த ஒழுக்கம் உலகெங்கும் அப்போது இருந்தது. அந்த ஒழுக்கத்தை ஒரு மனிதனால் எவ்வளவு காலம் காக்கமுடியும் என்பதற்கு ஜப்பானில் விடை கிடைத்தது.

மசாஹிகோ கிமுரா 1917இல் பிறந்தவர். யூடோவில் அவரை வெல்ல ஜப்பானில் ஆளில்லை என்ற காலம் ஒன்று இருந்தது. போர் முடிந்தபோது நாடு சாம்பலாகக் கிடந்தது. அவர் மனைவிக்குக் காசநோய். அதற்கு மருந்து ஸ்ட்ரெப்டோமைசின், அமெரிக்காவிலிருந்து வரவேண்டியது, சாதாரணச் சம்பளக்காரர் தொட முடியாத விலை. யூடோ உலகம் அவருக்குப் பட்டங்கள் கொடுத்திருந்தது. பட்டங்களை வாங்கிக்கொண்டு எந்த மருந்துக்கடையும் மருந்து தராது. 1950இல் அவர் தொழில்முறை யூடோவுக்குப் போனார். அது சில மாதங்களில் படுத்துவிட, ஹவாய்க்குப் போய்க் காட்சி மல்யுத்தம் செய்தார். மருந்து கிடைத்தது, மனைவி பிழைத்தார். பேணி வந்த கண்ணியம் போயிற்று. யூடோவின் பெரியவர்கள் அவரைப் பிறகு முழுமையாக ஏற்றுக்கொள்ளவேயில்லை. எனக்கு அந்தப் பெரியவர்கள்மேல்தான் கோபம்.

ஹவாயிலிருந்து பிரேசில். 1951 ஒக்டோபர் 23, ரியோ டி ஜெனிரோ, மரக்கானா. எதிரே எலியோ கிரேசி, 38 வயது, கிமுராவைவிட மெலிந்தவர். யூடோவையே தரைப்பிடிச் சண்டையாகத் தன் குடும்பத்தில் வளர்த்தவர். இரண்டாம் சுற்றில் கிமுரா அவருடைய கையைப் பின்பக்கமாக முறுக்கினார். எலும்பு முறிந்த பிறகும் எலியோ தோல்வியை ஒப்பவில்லை. மூலையில் நின்ற அண்ணன் கார்லோஸ்தான் ஆட்டத்தை நிறுத்தினார். தோற்ற குடும்பம் அந்தப் பிடிக்கு மரியாதையாகக் கிமுராவின் பெயரையே வைத்தது. இன்றும் உலகத்துச் சண்டைக்கூடங்களில் அதற்குப் பெயர் கிமுராதான்.

அதே வாரம், 26ஆம் திகதி, நியூயோர்க்கில் ஜோ லூயிஸ் ரொக்கி மார்சியானோவிடம் எட்டாம் சுற்றில் வீழ்ந்தார். லூயிஸுக்கு வயது 37. பன்னிரண்டு ஆண்டு பாரவகை உலகச் சம்பியனாக இருந்து ஓய்வுபெற்றவர், வரிக்கடன் தீராமல் திரும்பவந்து அடி வாங்கினார். கடன் அப்போதும் தீரவில்லை. 1956இல் காட்சி மல்யுத்தத்துக்கு இறங்கினார். போரின்போது படைவீரர் நிதிக்காகக் காசில்லாமல் குத்துச்சண்டை ஆடிக்கொடுத்த மனிதர் அவர். இந்த இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் வைத்துப் பார்த்தால், மேடை மாறும் இந்த வழக்கம் எங்கே கருவுற்றது என்பது தெரியும். ஒரு பக்கம் மருந்துச் செலவு, மறுபக்கம் வரிக்கணக்கு.

கிமுராவிலிருந்து கதை இரண்டு கிளையாகப் போகிறது. ஒன்று கிரேசி குடும்பம். மற்றது ரிக்கிதோசான் என்ற முன்னாள் சுமோ வீரர். 1954 டிசம்பரில் கிமுராவும் ரிக்கிதோசானும் டோக்கியோவில் மோதினார்கள். சமனில் முடிப்பது என்று பேசி வைத்த ஆட்டம், வாக்கை மீறி என்னை நிஜமாகவே அடித்தார் என்று கிமுரா கடைசிவரை சொன்னார். ஜப்பானுக்கு அன்றைக்கு ஒரு நாயகன் கிடைத்தான், பழைய நாயகன் இரத்தத்தோடு வீடு போனான்.

அந்த ரிக்கிதோசான் 1960இல் பிரேசிலுக்குப் போனபோது ஒரு பதினேழு வயதுப் பையனைக் கண்டெடுத்தார். ஜப்பானில் வாழ வழியில்லாமல் கப்பலேறிப் போன குடும்பம் அது. தாத்தா கப்பலிலேயே இறந்துபோனார். பையன் கோப்பித் தோட்டத்தில் கூலி. மலையகத்தில் இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கண்டிச் சீமைக்கு நம் முன்னோர் வந்ததும் முதலில் கோப்பித் தோட்டத்துக்குத்தான், வழியில் விட்ட உயிர்களுக்குக் கணக்கில்லை. அந்தப் பையன் அன்டோனியோ இனோகி. தோட்டத்து வேலை கொடுத்த தோளோடு ஜப்பானுக்குத் திரும்பிப் பெரிய மல்யுத்தக்காரரானார். 1972இல் சொந்தமாக ஒரு மல்யுத்த நிறுவனமும் தொடங்கினார்.

காட்சி மல்யுத்தம் முன்பே பேசி வைத்த நாடகம் என்ற ஏளனம் அவரை உறுத்தியது. தன் கலைதான் எல்லாவற்றிலும் வலியது என்று காட்ட, வேறு விளையாட்டுகளின் சம்பியன்களை அழைத்து மோதத் தொடங்கினார். முதலில் வந்தவர் வில்லெம் ருஸ்கா, ஒல்லாந்து யூடோ வீரர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர். 1976 பெப்ரவரி 6ஆம் திகதி டோக்கியோ புடோகான் அரங்கில், 35 வயதில், இனோகியோடு மோதித் தோற்றார். ஆட்டம் பேசி வைத்தது. ஒலிம்பிக் தங்கம் இரண்டும் அவருக்குச் சோறு போடவில்லை, இந்த ஒரு இரவு போட்டது. கிமுராவின் கதை வேறு ஊரில் மறுபடி நடந்தது.

பிறகு குத்துச்சண்டைச் சம்பியன் முஹம்மத் அலி. என்னை எதிர்க்க ஆசியாவில் ஆளில்லையா, ஜெயித்தால் பத்து இலட்சம் டொலர் தருகிறேன் என்று அவர் 1975இல் ஒரு ஜப்பானிய விளையாட்டு அதிகாரியிடம் விளையாட்டாகச் சொன்னதை இனோகி விடாமல் பிடித்துக்கொண்டார். பேரம் 60 இலட்சம் டொலரில் முடிந்தது. 1976 ஜூன் 26ஆம் திகதி புடோகானில் ஆட்டம். அலிக்கு 34 வயது, மணிலாவில் ஃப்ரேசியரோடு ஆடிய கொடிய மோதல் முடிந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. கடைசி நேரத்தில் அலியின் தரப்பு விதிகளை இறுக்கியது: இனோகி நின்றபடி உதைக்கக் கூடாது, பிடித்து எறியக் கூடாது. உதைப்பதானால் ஒரு முழங்காலாவது தரையில் இருக்கவேண்டும். இனோகி விதிக்குள்ளேயே ஒரு வழி கண்டார். மணி அடித்ததும் சறுக்கிப்போய் மல்லாந்து படுத்தார். பதினைந்து சுற்றும் தரையில் கிடந்தபடி அலியின் இடது காலை உதைத்துக்கொண்டே இருந்தார். உதைகள் நூறைத் தாண்டின. அலி விட்ட குத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முடிவு சமன். சனம் குப்பையை மேடைக்கு எறிந்து காசைத் திருப்பிக் கேட்டது.

சலிப்பூட்டிய ஆட்டம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது சலிப்பான ஆட்டமாகப் படவில்லை. உலகத்திலேயே அழகாக நகர்ந்த கால்கள் அவை. அவற்றை ஒரு மணி நேரம் உதைக்க விட்டார்கள். தொடை வீங்கி, இரத்தம் கட்டி, தொற்று ஏறி, அலி மருத்துவமனையில் கிடந்தார். மூன்று மாதத்தில் நோர்டனோடு ஆடினார், வென்றார். ஆனால் அந்த ஜூனுக்குப் பிறகு அவர் எவரையும் நொக்கவுட் செய்யவேயில்லை.

1980 தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்தார். எம்.ஜி.ஆர். முன்னிலையில் நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிக் குத்துச்சண்டை ஆடினார். அப்போது அவர் ஓய்வுபெற்றவர், 38 வயது, இடை பெருத்திருந்தது. அன்றைக்கு அவர் அங்கேயே நின்றிருக்கலாம். ஒக்டோபரில் லாரி ஹோம்ஸ் முன்னால் பத்துச் சுற்று அடி வாங்க விட்டார்கள். நான்கு ஆண்டில் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

டோக்கியோவில் பிறந்த இந்தக் கலப்பு மோதல், அலியும் இனோகியும் ஆடிய அதே ஆண்டு நம் துணைக்கண்டத்துக்கு வந்தது. 1976 டிசம்பர் 12, கராச்சி தேசிய விளையாட்டரங்கம். அக்ரம் பயில்வான், இமாம் பக்ஸின் மகன், காமா பயில்வானின் தம்பி மகன். காமா என்றால், 1910இல் லண்டன் போய் வெள்ளைக்கார மல்லர்களைத் திகைக்க வைத்தவர், 1928இல் பட்டியாலாவில் ஐம்பதை நெருங்கும் வயதில் ஸ்பிஷ்கோ என்ற மல்லரை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தியவர். பிரிவினையோடு குடும்பம் லாகூரில் நிலைத்தது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அக்ரம் நாற்பதைத் தாண்டிய வயதில் இனோகியை அழைத்தார். களி மண்ணில், வேர்வையில் பயின்ற கலை அவருடையது. மெத்தை போன்ற ரிங்கில், ரவுண்டு ரவுண்டாக, கை கால் மூட்டை முறிக்கும் பூட்டுகளோடு ஆடுவது வேறு. மூன்றாம் ரவுண்டில் இனோகி அக்ரமின் கையை வளைத்துப் பூட்டினார். அக்ரம் கைதட்டி ஒப்பவில்லை, தோள் முறிந்தது. அரங்கம் வாயடைத்துப் போயிற்று.

இனோகி போட்டது கிமுராவின் பூட்டு. மரக்கானாவில் எலியோவின் கையை முறித்த அதே பிடி, ரிக்கிதோசானின் சீடன் கையால், கராச்சிக்கு வந்து சேர்ந்தது. எலியோவும் ஒப்பவில்லை, அக்ரமும் ஒப்பவில்லை. பெரிய குடும்பத்தின் பெயரைச் சுமப்பவனால் தட்டி விலக முடிவதில்லை. அப்படியொரு ஆட்டத்தில் மூலையில் நிற்பவனும் மத்தியஸ்தனும் மருத்துவனும்தான் அவனுக்காகத் தட்டவேண்டும். கார்லோஸ் தட்டினார். கராச்சியில் நேரத்துக்குத் தட்ட ஆளில்லை.

1979 ஜூனில் அக்ரமின் அண்ணன் மகன் சுபைர், ஜாரா என்று அழைக்கப்பட்ட, இருபது வயதுகூட ஆகாத பிள்ளை, லாகூர் கடாபி விளையாட்டரங்கில் இனோகியோடு ஐந்து ரவுண்டு நின்றான். முடிவில் இனோகியே அவன் கையைத் தூக்கிப் பிடித்தார். குடும்ப மானம் மீண்டது என்று நகரமே கொண்டாடியது. ஜாரா 1991இல் இளவயதிலேயே இறந்துபோனான். பிற்காலத்தில் இனோகி அந்தக் குடும்பத்துப் பையன் ஒருவனை ஜப்பானுக்கு அழைத்துப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். நான் இதை இனோகியின் கணக்கில் பெரிதாகவே எழுதுகிறேன்.

மற்றக் கிளை அமெரிக்காவில் பூத்தது. எலியோவின் மூத்த மகன் ரொரியன் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய யு.எஃப்.சி. என்ற கலப்புச் சண்டை அமைப்பு 1993 நவம்பர் 12ஆம் திகதி டென்வரில் முதல் ஆட்டத்தை நடத்தியது. குத்துச்சண்டைக்காரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். எலியோவின் இன்னொரு மகன் ரொய்ஸ் அவரைத் தரையில் கிடத்தியதும் ஒரு குத்துகூட விடாமல் ஒப்பிவிட்டார். வீட்டுக்கு முழு உடம்போடு போனார், அது புத்திசாலித்தனம். ஜப்பானில் இது ஆண்டிறுதித் தொலைக்காட்சிக் கொண்டாட்டமாகவே ஆயிற்று. 2003 டிசம்பர் 31ஆம் திகதி, சுமோவின் மிக உயர்ந்த யோக்கோசூனா நிலையைத் தொட்டு ஓய்வுபெற்ற அகெபோனோ, முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் பொப் சப்பிடம் முதல் சுற்றிலேயே முகம் குப்புற விழுந்தார். அந்தச் சில நிமிடங்கள், ஜப்பான் முழுக்கக் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் புத்தாண்டுப் பாட்டு நிகழ்ச்சியையே பார்வையாளர் எண்ணிக்கையில் முந்தின. பேஸ்போல் நட்சத்திரம் ஹொசே கன்செக்கோ 44 வயதில் யோக்கோகாமாவில் 77 விநாடி தாக்குப்பிடித்தார். முன்னாள் உலகக் குத்துச்சண்டைச் சம்பியன் ஜேம்ஸ் டோனி 42 வயதில் 2010இல் பொஸ்டனில் ராண்டி கூட்டூரிடம் முதல் சுற்றில் மூச்சு முட்டி ஒப்பினார். கூட்டூருக்கு அப்போது 47. ஆனால் அவர் தன் சொந்தக் கலையில் நின்றவர், அதுதான் வித்தியாசம்.

இதையெல்லாம் தடை செய்யவேண்டும் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நாற்பது வயதில் ஒரு புது வித்தையைக் கற்று, தெரியாத களத்தில் நிற்கும் துணிவில் உண்மையான அழகு இருக்கிறது. 47 வயதில் எம்.எம்.ஏ.க்குள் வந்து, மாதக்கணக்கில் முறையாகப் பயின்று, ஆடிய இரண்டையும் வென்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் ஹேர்ஷல் வோக்கரும் இருக்கிறார். கேட்கவேண்டியது மூன்றே கேள்வி: எவ்வளவு காலம் பயின்றார், மூளையையும் இருதயத்தையும் பரிசோதித்தது யார், ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யார் கையில். நித்தவெலயில் பதினைந்து ஆண்டு தோளால் இடித்து ஆடி, படைத்துறையிலோ பொலிஸிலோ ஒரு வேலையை நம்பி ஒதுங்கும் றக்பிப் பையன்களுக்கும் இது பொருந்தும். நாளைக்கு யாராவது ஒரு கூண்டைக் கொண்டுவந்து கண்டியில் வைத்துப் பெரிய தொகை சொன்னால், அவர்களுள் ஒருவன் மறுப்பது கடினம்.

2024 செப்டம்பரில் ஜோர்ஜியா நாட்டின் திபிலிசியில் ஓர் எம்.எம்.ஏ. போட்டி நடந்தது. நடத்திய அமைப்புக்குக் காமாவின் பெயர். மேடை ஏறியவர் சங்க்ராம் சிங், ஹரியானா மல்யுத்தக்காரர், சிறுவயதில் வாத நோயால் நடக்கமுடியாமல் கிடந்து எழுந்தவர், பிக் பாஸ் வீட்டில் இருந்து வட இந்தியா முழுக்க முகம் அறியப்பட்டவர். வயது 39. எதிரே பாகிஸ்தானின் அலி ராஸா நாசிர், பதினேழு வயது இளையவர். சங்க்ராம் ஒன்றரை நிமிடத்தில் வென்றார். தொலைக்காட்சிகள் அவரையே காட்டின. அந்த இளையவருக்கு அன்று எவ்வளவு கொடுத்தார்கள், அவரை எந்த மருத்துவர் பார்த்தார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சங்க்ராமோ மீண்டும் களத்தில் இறங்குவேன் என்றார்.